மரை வெட்டிய நாள்

என் தந்தையார் வஃபாத்தாகிப் பதினாறு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. திருச்சிராப்பள்ளி பாலக்கரையில் ஒரு சிறு திண்ணையில் அமர்ந்து நூற்கட்டு வேலை செய்து எங்களை வளர்த்தவர். ஓதியோதித் தையல் விட்டுப்போன கிதாபுகளும், முதுகு கிழிந்த முஸ்ஹஃபுகளும், தாள் பழுத்த அரபுத்தமிழ் ஏடுகளும் அவர் கைக்கு வந்து, புதிய முதுகும் துணி மூலையும் பெற்றுத் திரும்பிச் செல்லும். அவர் விட்டுச் சென்ற உடைமைகள் மிகச் சில. ஒரு தையல் சட்டம், இரண்டு கத்திகள், பசை காய்ச்சும் சட்டி. இவற்றுடன் வார்ப்பிரும்பாலான ஒரு திருகு பிரஸ்.

மூடப்பட்ட அச்சகம் ஒன்றின் ஏலத்தில் அத்தா அதை எடுத்தாராம். இரு பக்கமும் தூண், தூண்களின் மேல் ஒரு பாலம், பாலத்தின் நடுவே வெண்கல நட்டு, நட்டினூடே ஒன்றேகால் அங்குலக் கனமுள்ள எஃகுத் திருகு, அதன் தலையில் கைப்பிடி, அடியில் அழுத்துபலகை. ஒட்டிய நூல்களை அடுக்கிக் கைப்பிடியைச் சுற்றினால் பலகை இறங்கி அமுக்கும். ஒரு குழந்தையின் கைபலத்தை ஒரு யானையின் கால்பலமாக ஆக்கித் தருவது அந்தத் திருகுதான். அத்தா ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் அதற்கு எண்ணெய் இடுவார். நான் இட்டதில்லை. அவருக்குப் பின் அது முற்றத்து மூலையில் சாக்குப் போர்த்தி நின்றது. பல மழைக்காலங்கள் அதன் மேல் கடந்தன.

இரண்டாண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸாப் பிள்ளைகளின் காயிதாப் புத்தகங்கள் நாற்பதுக்கும் மேல் கிழிந்து கிடக்கக் கண்டு, நானே கட்டித் தரலாம் என்று பிரஸ்ஸை எடுத்தேன். திருகு அசையவில்லை. "எண்ணெய் ஊற்றி ரெண்டு நாள் வையுங்களேன்" என்றாள் என் மனைவி. இரண்டு நாள் பொறுக்க எனக்கு ஏது நேரம்? தண்ணீர்க் குழாய் ஒன்றைக் கைப்பிடியில் மாட்டி, நீளத்தைக் கூட்டிக்கொண்டு என் முழு பாரத்தையும் கொடுத்துத் தள்ளினேன். கிறீச்சென்ற ஒலியோடு திருகு சுற்றியது, மகிழ்ந்தேன். நான்கு சுற்றில் மீண்டும் இறுகிற்று; மீண்டும் தள்ளினேன். பிறகு எடுத்துப் பார்க்கையில் எஃகுத் தண்டு வளைந்து, மரை நெடுகப் பிய்ந்து போயிருந்தது. அத்தா நாற்பதாண்டு காத்த பொருளை ஒரு முற்பகலில் நான் அழித்தேன்.

பழைய இரும்பு வாங்குபவர் எடைக்கு விலை சொன்னார். நண்பர் ஒருவர் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்றார். என் மனைவி மட்டும், "உங்க மகன் வேலை செய்ற பட்டறைக்கு ஒரு எட்டு போய் வந்தால் என்ன?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குள் ஒரு நீண்ட கதை இருக்கின்றது.

என் இளைய மகன் பதினைந்தாம் வயதில், பதினெட்டு ஜுஸ்வுகள் மனனமாகியிருந்த நிலையில், ஹிப்ழை நிறுத்திக்கொண்டான். ஓதிக்கொடுத்தவன் நானேதான். "முடியவில்லை அத்தா, லேத்து வேலை கற்கப் போகிறேன்" என்றான். நான் வாழ்நாளெல்லாம் இலக்கணமும் சொல்லும் கற்பித்தவன், அன்று என் வாயில் வந்த சொல், "உனக்கு மரை கழன்றுவிட்டதா?" என்பது. மதரஸாப் பிள்ளைகள் இருபது பேர் கேட்டிருக்கச் சொன்னேன். அவன் பத்தாம் வகுப்பை முடித்து, ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் இரண்டாண்டு படித்து, அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தான். ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஸலாமும் பதிலும் உண்டு, பேச்சு இல்லை. அவன் வேலை செய்யும் இடத்தை நான் கண்ணால் பார்த்ததுமில்லை.

வளைந்த திருகையும் வெண்கல நட்டையும் சாக்கில் சுற்றிக்கொண்டு ஒரு காலைப்பொழுதில் அங்கே போனேன். பட்டறைக்குச் சொந்தக்காரரான மேஸ்திரி, பொன்மலை ரயில்வே பட்டறையில் இளமையில் பயிற்சிக்குச் சேர்ந்து ஓய்வுபெறும்வரை பணியாற்றியவர். 1920களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த அந்தப் பட்டறை, திருச்சியில் எத்தனையோ குடும்பங்களுக்கு உலோகத்தைக் கற்றுக்கொடுத்த ஒரு பள்ளிக்கூடம். மேஸ்திரி என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க ஹஜ்ரத்" என்று ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். என் மகன் லேத்தருகே கை துடைத்துக்கொண்டு நின்றான்.

மேஸ்திரி திருகின் மேல் ஓர் அளவுகோலை வைத்து எண்ணினார். "இஞ்சுக்கு அஞ்சு மரை. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. சதுர மரை."

மரையில் சதுரமென்ன, முக்கோணமென்ன என்று நான் விழித்தேன். அவர் விளக்கினார். நாம் அன்றாடம் காணும் போல்ட்டில் மரையின் பள்ளம் ஆப்பு வடிவில் இருக்கும். இறுக்கியது இறுகியபடியே நிற்க அது ஏற்றது. ஆனால் பாரம் ஏறினால் ஆப்புப் போல நட்டை வெளிப்புறமாகப் பிளக்கப் பார்க்கும். பிரஸ்ஸைப் போன்று சுற்றிச் சுற்றிப் பாரம் கொடுப்பவற்றிற்குப் பள்ளமும் வரப்பும் நேர்ச்சுவராக இருக்க வேண்டும். அப்போது வலிமை முழுவதும் தண்டின் வழியே நேராக இறங்கும், உராய்வும் குறையும். எங்கள் திருகில் வரப்பு அங்குலத்தில் பத்திலொன்று, பள்ளம் பத்திலொன்று, ஆழமும் பத்திலொன்று. நட்டு நன்றாயிருந்தது, திருகை மட்டும் புதிதாக வெட்டினால் போதும்.

"உங்க மகனே வெட்டட்டும்" என்றார் மேஸ்திரி.

இங்கே ஒரு சிறு விலகல், வாசகர்கள் பொறுத்தருள்க. அரபியில் கடைசல்காரரைக் 'கர்ராத்' என்றும் லேத்தை 'மிக்ரதா' என்றும் கூறுவர். இதன் வேர்ச்சொல்லுக்கு, கிளையை ஒரு கையால் பற்றி மறுகையால் இலைகளை ஓர் இழுப்பில் உருவுதல் என்பது பழம்பொருள். கத்தாத் எனும் முட்செடியை அவ்வாறு உருவுவது செய்தற்கரிய செயலுக்கு அரபிகள் காட்டும் உவமை. நம் தமிழிலோ மரை என்பது சங்க நூல்களில் ஒரு மான் வகை. திருகின் மரைக்கும் அதற்கும் தொடர்பிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் திருகின் முறுக்கைப் 'புரி' என்றும் வழங்குவர். கயிற்றின் புரியும், வலம்புரிச் சங்கின் புரியும் அதுவே. புரிதல் என்றால் முறுக்குதல். புரிதல் என்றால் விளங்கிக்கொள்ளுதலும் ஆகும். அன்றைய நாள் முழுவதும் இந்தச் சொல் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது.

மகன் இரண்டு அங்குல எஃகுத் தண்டை எடுத்துச் சக்கில் பிடித்து, மறுமுனையை டெயில் ஸ்டாக்கின் கூர்முனையில் தாங்கவைத்தான். கைப்பிடி நுழையும் தலைப்பகுதியை விட்டு, மீதியை ஒன்றேகால் அங்குலத்திற்குக் கடைந்து இறக்கவே முற்பகலில் பெரும்பகுதி சென்றது. மரை முடியும் இடத்தில் கருவி வெளியேறுவதற்கு ஒரு சுற்றுப் பள்ளம் போட்டான். பிறகு சாணைச் சக்கரத்தின் முன் அமர்ந்து, வெட்டும் கருவியின் முனையைத் தீட்டித் தீட்டி அளந்தான். மரை சாய்ந்து ஏறுவதால் கருவியின் முன்பக்கச் சுவர் சற்று அதிகம் ஒதுங்கியிருக்க வேண்டுமாம். இல்லையேல் வெட்டாமல் உரசும்.

அடுத்து லேத்தின் இடப்புற மூடியைத் திறந்தான். உள்ளே பற்சக்கரங்கள். லேத்தின் முன்புறம் நெடுக ஒரு நீண்ட திருகுத் தண்டு ஓடுகின்றது. அதை லீட் ஸ்க்ரூ என்கின்றனர். சுழலும் தண்டையும் இந்த நீண்ட திருகையும் பற்சக்கரங்கள் பிணைக்கின்றன. அந்த லேத்தின் லீட் ஸ்க்ரூவில் அங்குலத்திற்கு நான்கு மரை. நமக்கு வேண்டியது ஐந்து. ஆகவே சுழலும் பக்கத்தில் 40 பற்கள் கொண்ட சக்கரமும், லீட் ஸ்க்ரூவில் 50 பற்கள் கொண்ட சக்கரமும் மாட்டினான். தண்டு ஐந்து முறை சுழல, லீட் ஸ்க்ரூ நான்கு முறை சுழலும். கருவி சரியாக ஓர் அங்குலம் நகரும். சுழற்சியும் நேரோட்டமும் இப்படிக் கைகோத்தால் பிறப்பதுதான் மரை.

"மில்லிமீட்டர் மரை வேண்டுமானால்?" என்று கேட்டேன். ஏழாண்டுகளில் அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"127 பல் சக்கரம் ஒன்று வேண்டும் அத்தா. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். 254-இல் பாதி 127. அது எதாலும் வகுபடாது. அதனால் சின்னச் சக்கரம் போட்டுச் சமாளிக்க முடியாது."

அங்குலம் மிகச்சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று ஆங்கில நாடுகள் ஒப்புக்கொண்டது 1959-இல் என்றும் சொன்னான். பதினெட்டு ஜுஸ்வைத் தாங்கிய நினைவாற்றல் எங்கும் போய்விடவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

சக்கரம் மாட்டும் நேரத்தில் மேஸ்திரி கதை சொன்னார். 1800-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பார் லீட் ஸ்க்ரூவும், கருவியைப் பிடிக்கும் வழுக்குமேடையும், மாற்றுச் சக்கரங்களும் ஒருங்கே அமைந்த லேத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவர் பட்டறையில் வேலை செய்த ஜோசப் விட்வொர்த்தான், 1841-இல் இன்ன கனத்திற்கு இத்தனை மரை, கோணம் 55 பாகை என்று ஒரு பொதுமுறையை முன்வைத்தவர். அதற்கு முன் ஒரு பட்டறையின் நட்டு மறு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. "யோசிச்சுப் பாருங்க ஹஜ்ரத், திருகு வெட்ட ஒரு திருகு வேணும். அந்தத் திருகை வெட்டியது இன்னொரு திருகு. அதுல தப்பு இருந்தா இதுலயும் வரும்" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது எங்கள் துறையில் ஸனது என்று நாங்கள் போற்றும் சங்கிலியல்லவா? உஸ்தாதின் நாவில் ஓர் எழுத்து வழுவினால் ஊர் முழுவதும் அது வழுவும். இரும்பிலும் அப்படியொரு வழிவழி மரபு உண்டென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வெட்டு தொடங்கியது. மிகக் குறைந்த வேகம். நிமிடத்திற்கு நாற்பது சுற்று. முதல் ஓட்டத்தில் கருவி எஃகின் மேல் ஒரு கீறல் மட்டுமே இட்டது. மயிரிழை போன்ற அந்தக் கோட்டின் மேல் அளவுகோலை வைத்து எண்ணினான்: ஐந்து. இதன் பின்னரே உண்மையான வெட்டு. ஒவ்வோர் ஓட்டத்திற்கும் நான்கு தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு, ஆழம் கூட்டுவான். ஒன்பது அங்குல நீளத்தைக் கருவி கடக்க ஒரு நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகும். பள்ளத்தின் முடிவில் கருவியை வெளியே இழுத்து, நெம்புகோலைத் தூக்கி, மேடையைக் கையால் தொடக்கத்திற்குக் கொண்டுவருவான். மீண்டும் நான்கு தவ். பால்நிறக் குளிர்நீர் சொட்டிக்கொண்டிருக்க, எஃகு சுருள் சுருளாய் உரிந்து விழுந்தது.

"கொஞ்சம் ஆழமாய் விட்டால் விரைவில் முடியுமே?" என்றேன். மேஸ்திரி சிரித்தார். "கருவி கத்தும் ஹஜ்ரத். சுவரெல்லாம் அலை அலையா வரும். சதுர மரையில முனை முழுசும் ஒரே நேரத்தில வெட்டுது, பாரம் தாங்காது."

அது கேட்டு என் நெஞ்சுக்குள் ஏதோ உரசியது. அவனுக்குப் பதினான்கு வயது நடக்கையில், அடுத்த ரமலானுக்குள் முடித்துவிட வேண்டுமென்று, அரைப்பக்கமாயிருந்த அன்றாட ஸபக்கை நான் ஒன்றரைப் பக்கமாக உயர்த்தினேன். அவன் திணறினான். திணறலைச் சோம்பல் என்று எண்ணினேன்.

இனி, ஒவ்வோர் ஓட்டமும் முன்பு வெட்டிய அதே தடத்தில் விழுவது எப்படி என்பதைச் சொல்லியாக வேண்டும். நெம்புகோலை அழுத்தினால், இரு பாதியாகப் பிளந்த ஒரு நட்டு லீட் ஸ்க்ரூவைக் கவ்விக்கொள்ளும், மேடை நகரும். எந்தக் கணத்திலும் கவ்வலாம் என்று நினைத்துவிடக் கூடாது. மேடையின் பக்கத்தில் ஒரு சிறு முகப்புத்தட்டு மெல்லச் சுழன்றுகொண்டிருக்கின்றது. அதில் எட்டுக் கோடுகள். நான்கிற்கு எண் உண்டு, இடையிலுள்ள நான்கிற்கு எண் இல்லை. இரட்டைப்படை மரைக்கு எந்தக் கோட்டிலும் கவ்வலாம். ஐந்து போன்ற ஒற்றைப்படை மரைக்கு எண்ணுள்ள கோடு குறிக்கு நேரே வரும்போது மட்டுமே கவ்வ வேண்டும். ஏழெட்டு நொடிக்கொரு முறை அது வரும். தவறி இடைக்கோட்டில் கவ்வினால் கருவி அரை அங்குலம் பிசகிய இடத்தில் இறங்கும். அரை அங்குலத்தில் இரண்டரை மரை. அந்த அரையினால் கருவி பள்ளத்தில் விழாது, வரப்பின் நட்டநடுவில் விழும். அடுத்த பட்டறையில் கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரம் நிற்கின்றது, அதில் சக்கரமுமில்லை, நெம்புகோலுமில்லை, இந்தக் காத்திருத்தலுமில்லை. ஆனால் ஒற்றைப் பழந்திருகுக்காக யாரும் அதை ஆயத்தம் செய்வதில்லையாம்.

பதினெட்டாவது ஓட்டம் முடிந்திருந்தது. ஆழம் எழுபத்திரண்டு தவ். மகன் கருவியை உள்ளே செலுத்தி, கையை நெம்புகோலில் வைத்து, முகப்புத்தட்டைப் பார்த்தபடி நின்றான். மணி பார்த்தேன், லுஹருக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் எத்தனை தடவைதான்?" என்று கேட்டேன்.

அத்தா கேட்கிறார் என்று அவன் முகம் திரும்பியது, கை இறங்கியது. அடுத்த கணம் எஃகு அலறிற்று. அவன் கருவியை வெளியே இழுத்து, இயந்திரத்தை நிறுத்துவதற்குள் முனை ஒடிந்துவிட்டது. தண்டின் தொடக்கத்தில் இரண்டு சுற்று வரப்பு சிதைந்து கிடந்தது.

பட்டறையில் யாரும் பேசவில்லை. என் மகன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இது போச்சு அண்ணே. என் கவனம் தப்பிருச்சு" என்றான். மேஸ்திரி என்னைப் பார்த்தார்; அவருக்குத் தெரியும். அவனை ஒரு சொல்லும் சொல்லவில்லை. "சாப்பிட்டு வந்து வேற தண்டு போடு. இதைச் சின்னதாக் கடைஞ்சு வேற எதுக்காவது வச்சுக்கலாம்" என்றார். அவ்வளவுதான். ஒரு முற்பகல் உழைப்பு வீணாகியிருக்கின்றது. ஒரு தண்டு எஃகு வீணாகியிருக்கின்றது. ஓர் ஆயத்தில் ஒரு சொல் மாறியதற்கு நான் அவனை எவ்வளவு நேரம் நிற்கவைத்திருக்கிறேன் என்பது என் நினைவில் வந்தது. அவன் தவறும்போதெல்லாம் அவன் பக்கத்தில் நின்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன் யார் என்பதும் நினைவில் வந்தது.

பள்ளிவாசலுக்கு இருவரும் சேர்ந்து நடந்தோம். திரும்பிவந்து, தொலைவில் முக்காலியைப் போட்டு அமர்ந்தேன். அஸர்வரை வாய் திறக்கவில்லை. அவன் மறுபடி தண்டைக் கடைந்தான், மறுபடி கருவியைத் தீட்டினான், மறுபடி கீறலிட்டு எண்ணினான். அஸருக்குப் பின் முப்பது ஓட்டங்கள் ஓடின. நான்கு நான்கு தவ்வாகப் போனவன், கடைசி ஐந்தாறு ஓட்டங்களில் ஒவ்வொரு தவ்வாகக் குறைத்தான். தண்டைக் கழற்றாமலே வெண்கல நட்டைக் கொண்டுவந்து முனையில் வைத்தான். இரண்டு சுற்று ஏறி நின்றது. பள்ளத்தின் பக்கச் சுவரில் மயிரளவு இன்னும் எடுத்தான். எண்ணெய் தடவி மீண்டும் வைத்தான். ஒற்றை விரலால் தட்ட, நட்டு மெல்லச் சுழன்றுகொண்டே தலைப்பகுதிவரை சென்று நின்றது. மேஸ்திரி அதைத் திருப்பிவிட, சுழன்றுகொண்டே மீண்டு வந்தது. மூன்று முறை அப்படி விளையாடினார். அறுபத்தேழு வயது மனிதர்.

கூலி கேட்டேன். ஒரு தண்டுக்கு மட்டும் சொன்னார். இரண்டுக்கும் வாங்கிக்கொள்ள வேண்டும், முதல் தண்டைக் கெடுத்தவன் நான் என்றேன். சிறிது நேரம் யோசித்து, இரண்டாவது தண்டின் எஃகு விலையை மட்டும் சேர்த்துக்கொண்டார். "கைக்கூலி வேண்டாம் ஹஜ்ரத். ரெண்டாவது தடவை வெட்டினதில அவன் கத்துக்கிட்டதுக்கு நான்தான் தரணும்."

மகனின் வண்டியில் பின்னால் அமர்ந்து, சாக்கில் சுற்றிய திருகை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். பாலக்கரை வளைவில் வண்டி மெதுவாகச் செல்கையில், "ஒருநாள் மதரஸாவில் எல்லோர் முன்பும் உன்னை ஒரு சொல் சொன்னேன்" என்றேன்.

"நினைவில்லை அத்தா" என்றான்.

அவன் மறக்கிறவன் அல்லன் என்பது இருவருக்கும் தெரியும். நான் மேற்கொண்டு பேசவில்லை; வண்டி ஓட்டுகிறவனிடம் பேசக் கூடாது என்று அன்று காலையில்தான் கற்றிருந்தேன். வீட்டுவாசலில் இறங்கியபின், அந்தச் சொல் தவறு என்று அவன் முகம் பார்த்துச் சொன்னேன். அவன் சாக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

மஃரிபிற்குப் பின் இருவருமாகத் திருகைப் பூட்டினோம். பசை தடவிய காயிதாக்களைப் பலகையின் அடியில் அடுக்கி நான் கைப்பிடியைச் சுற்றினேன். புத்தகங்கள் தாழ்ந்து, முதுகோரத்தில் பசை லேசாகக் கசிந்தது. இன்னொரு சுற்றுச் சுற்றக் கை போயிற்று. "போதும் அத்தா, காலைவரை அப்படியே இருக்கட்டும்" என்றான். விட்டுவிட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் எழுந்து வருவதற்குள் திருகில் எண்ணெய் இடப்பட்டிருந்தது.